கடற்கரையில் நிமிர்ந்து நின்ற ஐந்து பேரல்கள்

"ஆள் கிடைச்சாச்சு! பெட்ரோலை நிரப்பிட்டுப் பறக்க வேண்டியதுதான்!" என்று கத்தினார் பைலட் எட்வின்.

ராணுவ ஹெலிகாப்டர் சோமாலியாக் கடற்கரை மணலில் இறங்கியது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் வயர்லெஸ்காரன் மரியதாஸ். மருந்து கொண்டுபோன ஜீப் கவிழ்ந்து, மூன்று நாள் காணாமல் போனவன். அன்று காலையில்தான் ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். உடைந்த கால் முழங்கால்வரை கறுத்திருந்தது. முகாம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும்.

இன்ஜினியர் தணிகாசலம் குதித்து ஓடினார். தேடல் தொடங்கிய அன்று அவரே இறக்கி வைத்த ஐந்து பெட்ரோல் பேரல்கள். எல்லாம் நிமிர்ந்து நின்றன. மூடிமேல் மழைத்தண்ணீர் குளம் கட்டி நின்றது!

பேரலைப் படுக்கப்போட வேண்டும். நிமிர்த்தி வைத்தால், வெயிலில் காய்ந்து குளிரும்போது மூடி இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! அன்று அவசரம். 'நாளைக்கே எடுத்துடப் போறோம்' என்று விட்டுவிட்டார்.

பாட்டிலில் பிடித்துப் பார்த்தார். அடியில் குண்டு குண்டாய்த் தண்ணீர். இது இன்ஜினுக்குள் போனால் நடுக்கடலில் விழ வேண்டியதுதான்.

"எவன்யா நிமிர்த்தி வச்சது?" என்று கேட்டார் எட்வின்.

"நான்தான் சார்."

எட்வின் திரும்பி ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, என்ன லேட்டு?" மரியதாஸின் குரல் நடுங்கியது.

"டீக்கடை தேடுறோம்டா."

"எனக்குச் சக்கரை தூக்கலா."

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரலை அசைக்காதீங்க சார்! தண்ணி அடியில கிடக்கும். மேல இருக்கிறதை மட்டும் இழுப்போம்."

பம்புக் குழாயை அடியிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். அடித்தார், அடித்தார், தோள் கழன்றது. கேனுக்குக் கேன் பாட்டில் சோதனை. நாலாவது பேரல் கலங்கலாக வந்தது.

"பரவால்லய்யா, ஊத்து! பையன் அனத்துறான்!"

"மாட்டேன் சார். கொட்டுறேன்."

மணலில் கொட்டினார். ஒன்றரை மணி நேரம் போயிற்று. கரையை ஒட்டியே பறந்தார்கள். முகாம் தெரிந்தபோது பெட்ரோல் தீரப்போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இறங்கியதும் ஒரே கைதட்டல்! எட்வினைத் தோளில் தூக்கினார்கள்.

மரியதாஸ் பிழைத்தான். காலை எடுத்துவிட்டார்கள்.

"ஒன்றரை மணி நேரம் முந்தி வந்திருந்தா சார்?" என்று டாக்டரிடம் கேட்டார் தணிகாசலம். அவர் கை கழுவப் போனார்.

ரிப்போர்ட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று தணிகாசலம் தன் பெயரையே எழுதிக் கொடுத்தார். நன்றாகத் தெரிந்த வேலையில்தான் கை அசந்துபோகிறது என்று அன்று புரிந்தது. வருஷங்கள் ஓடிவிட்டன. மரியதாஸ் இன்னும் போனில் அதட்டுவான்: "உசுரோட வந்தேன்ல? விடுங்கண்ணே!"

"சரிடா" என்பார். விட்டதில்லை.