ஓடைப்பாலத்தில் ஒரு குடம் தண்ணீர்

ரேடியேட்டரில் ஒழுக்கு இல்லை. குழாய்களில் ஈரம் இல்லை. ஆனாலும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும்போதெல்லாம், தம்பி சேஷு அடிபட்டுக் கிடந்த ஓடைப்பாலத்துக்கு வந்ததும் சம்பத்குமாரின் பழைய பிளிமத் கார் கொதித்து நின்றுவிடும். மூடியைத் திறந்தால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இருக்காது.

கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற கார் அது. குடும்பத்துக்கு அதுதான் சோறு. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் விற்கப் போனபோது, பால்ய சிநேகிதன் மெக்கானிக் தவசிமுத்து ஒரு டீசல் இன்ஜினை மாட்டிக் கொடுத்தான்.

"வேன் இன்ஜின். ஒனக்குன்னே எடுத்து வச்சேன், மாப்ளே" என்றவன் கூலிகூட வாங்கவில்லை. சேஷுவின் பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவனும் அவன்தான். பெருமாள் மனித முகத்தோடு வருவது இப்படித்தான் என்று சம்பத்குமார் நினைத்துக்கொண்டான்.

சேஷுவை இடித்த வண்டி அகப்படவேயில்லை. வயலில் நின்ற கருத்தையாவின் காதில் விழுந்தது, ஒரு வண்டி நின்ற சத்தமும் "தண்ணி" என்ற குரலும்தான். அவர் ஓடி வருவதற்குள் வண்டி போயிருந்தது. சேஷுவும்.

கோளாறை நேரில் வந்து பார்க்கும்படி பலமுறை கூப்பிட்டும் சாக்குச் சொன்ன தவசிமுத்து, அன்று சாயங்காலம் தட்ட முடியாமல் ஏறி உட்கார்ந்தான்.

"கெழவிக்குக் கொமரி நெஞ்ச வச்சிருக்கோம். மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று சிரித்தான். 

மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்க, வயலிலிருந்து சேற்று வாசமும் தவளைச் சத்தமும் ஏறி வர, தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் கறுத்துக்கொண்டிருந்தபோது, பாலத்தின் மேல் கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

சம்பத்குமார் சாவியை உருவினான். இன்ஜினை அணைக்கும் கம்பியையும் இழுத்துவிட்டு, டிக்கியிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டு பானட்டைத் தூக்கினான். ஆவியில் டீசல் நாற்றம் இல்லை. சேஷு தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய் வாசம்.

தண்ணீர் ஊற்றினான். மடக்கு மடக்காக விழுங்கும் சத்தம் கேட்டது.

"ஏலே தவசி, எறங்கி வந்து பாரு."

"வேணாம் மாப்ளே. ஊத்தாத."

ரேடியேட்டருக்குள்ளிருந்து மெல்ல வந்தது அந்தக் குரல். "தண்ணி."

சம்பத்குமார் ஊற்றுவதை நிறுத்தினான். காருக்குள் தவசிமுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அன்னைக்கும் எங்கிட்ட இப்படித்தான் கேட்டான். வேன்ல கேன் நெறையத் தண்ணி இருந்துச்சு. பயந்துட்டேன். வேன உடைச்சு வித்துட்டேன் மாப்ளே. இன்ஜினாவது ஒனக்கு ஒழைக்கட்டும்னு..."

பாடை சுமந்த தோள். அதே தோள்தான் குலுங்கியது.

அடிக்கக் கை எழவில்லை. கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது. குடத்தை நீட்டினான்.

"நீயே குடு."

தவசிமுத்து இறங்கி வந்தான். ஊற்றினான். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. குடம் காலியானது. கையிலிருந்து நழுவி உருண்டது.

அவன் கை மட்டும் திரும்பவில்லை.

"மாப்ளே, வண்டிய எடுக்காத."

சாவி சம்பத்குமாரின் உள்ளங்கையில் இருந்தது. இழுத்த கம்பி இழுத்தபடியே.

விசிறி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது.

ரேடியேட்டரின் அந்தச் சின்ன வாயிலிருந்து நீண்டு வந்த ஐந்து ஈர விரல்கள், தவசிமுத்துவின் மணிக்கட்டைப் பற்றியிருந்தன.

"அண்ணே, இன்னுங் கொஞ்சம்."