படுக்காத கோடு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதன் கண் பிதுங்க முக்கி ஊதினாலும் சுமார் ஒன்றேகால் லிட்டர் காற்று நுரையீரலை விட்டு வெளியேறாது. அந்தக் கஞ்சத்தனத்தை அளக்கத்தான் மருத்துவமனை ஒரு கண்ணாடிப் பெட்டி வாங்கியது. ரிப்பன் வெட்டிய பெரிய டாக்டர் மூச்சின் மகிமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டவர்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

பெட்டி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, தினமும் காலை எட்டு மணிக்கு, நோயாளிகள் வருமுன், டெக்னீஷியனே உள்ளே உட்கார வேண்டும். அதனாலேயே அவனுக்கு 'ஊதல்' என்று பெயர். மூக்கில் கிளிப், வாயில் குழாய். காற்றுப் புகாத கதவு மூடியது. வெளியே கம்ப்யூட்டர் முன்னால் சீனியர் அக்கா. அவன் மார்பு விரிந்தால் பெட்டிக்குள் காற்றழுத்தம் இம்மி ஏறும், திரையில் கோடு எழும்பும். மூச்சை அடக்கினால் கோடு படுத்துவிடும்.

இன்று படுக்கவில்லை.

"மூச்சைப் பிடி தம்பி," என்றது ஸ்பீக்கர்.

குழாயை எடுத்தான். "பிடிச்சுக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்."

"அப்ப ஆடுறது யாரு, உன் மாமியாரா? மறுபடி ஊது. மூணு தடவையும் ஒத்து வந்தாத்தான் விடுவேன்."

இரண்டாம் முறை. தன் இதயத் துடிப்பு மட்டுமே கேட்க வேண்டிய அந்த நிசப்தத்தில், முதுகுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த நான்கு விரல் இடைவெளியில், அவசரமே இல்லாத ஒருவர் அயர்ந்து தூங்குவதுபோல், காற்று உள்ளே போய் வெளியே வந்தது. அவன் பிடரி மயிர் அதற்கேற்பச் சாய்ந்து நிமிர்ந்தது.

"அக்கா, கதவைத் திற."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. பாதியில எழுந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், பரவாயில்லையா?"

மூன்றாம் முறை. அடக்கினான். முழங்காலுக்கு எதிரே கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

அவன் மூச்சே விடவில்லை.

"மூணும் அச்சு அசலா ஒத்துப்போச்சு." அக்காவின் முகம் மலர்ந்தது. "ஒரு தடவை ஆடினா கோளாறு. மூணு தடவையும் ஒரே மாதிரி ஆடினா, அதான் அளவு. நீயே திறந்துக்கிட்டு வா, நான் காபிக்குப் போறேன்."

அறை காலியானது.

உள்ளிருந்து கதவைத் திறக்கும் பொத்தான் இருக்கைக்கு அடியில். குனியவில்லை. கீழே பார்க்கவில்லை. கையை மட்டும் விட்டுத் துழாவினான்.

பொத்தானின் மேல் ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ஈரமான, பொறுமையான விரல்கள். அவை நகரவில்லை.

அன்றைய பதிவேட்டில், இயந்திரம் நலம் என்று இருக்கிறது.