வலது அம்பு

தலைமை ஆசிரியரைத் தன் கால்குலேட்டரில் எண்ணுக்கு மேலே எழுதும் அடுக்குக்குள் ஏற்றி, நகத்தளவாக்கி, பீரியட் முடியும்வரை நிற்க வைத்துவிட்டு, மணியடித்ததும் வலது அம்பை அமுக்கிக் கீழே இறக்கிவிட்டதாகக் கணக்கு டீச்சர் சொன்னபோது, அவள் தம்பி சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த திருகாணிகள் தெறித்து ஓடின. கால்குலேட்டர் பழுது பார்ப்பவன் அவன். ஆணியைக்கூடக் காந்தம் வைத்துப் பார்த்துத்தான் இரும்பென்று நம்புவான்.

"இறங்கினதும் மனுஷன் என்ன பண்ணார்?"

"டீ கேட்டார். இப்பவும் என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கிறார்."

"போக்கா, ரீல் விடாத."

"சிரிடா, நல்லா சிரி. இப்ப அது ஏத்தவே மாட்டேங்குது. ரெண்டின் அடுக்கு அஞ்சுன்னு போட்டா, நடுவுல கூரை மாதிரி ஒரு குறியைப் போட்டுட்டு, அஞ்சு பக்கத்துலயே உக்காந்துக்குது. சரி பண்ணி வை, நாலு மணிக்கு வரேன். ஏத்தினா இறக்கிடு. வலது அம்பு. மறந்துடாத."

அவள் போன கையோடு, அதே மாடலுக்கு வலது அம்பு கேட்டு ஒருவர் வந்து நின்றார். அக்கா பொருள்தானே என்று அவன் அந்தப் பொத்தானை நெம்பி எடுத்துக் கொடுத்துவிட்டான். நெம்பியதில், அடியில் மின்சாரம் ஓடும் செம்புக் கோடும் பிய்ந்து வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழுது ஒன்றுமில்லை. திரையமைப்பு ஒரே வரியில் எழுதும்படி இருந்தது. அதைப் புத்தகத்தில் அச்சிடுவதுபோல் மாற்றினான். இரண்டைத் தட்டி, அடுக்குப் பொத்தானைத் தட்டி, ஐந்தைத் தட்டினான். ஐந்து குட்டியாக, அழகாக, இரண்டின் தோளில் ஏறி உட்கார்ந்தது. கூட்டல் குறியும் ஒன்றும் தட்டினான். அவையும் மேலேயே ஏறின. இறக்கிவிடாதவரை எதைத் தட்டினாலும் மேலேதான் போகும். இந்த இயந்திரங்களின் குணமே அது. இறக்குவதற்காக விரல் தன்பாட்டில் வலது பக்கம் போய், பொத்தான் இருந்த பள்ளத்தில் விழுந்தது.

அப்போதுதான், இருபது வருடமாக உட்கார்ந்து தேய்ந்த ஸ்டூலில் தன் கால் தரையைத் தொடவில்லை என்பதைக் கவனித்தான்.

ஸ்டூல் உயர்ந்திருக்கும் என்று நினைத்து, அழி பொத்தானை அமுக்கினான். எதுவும் அழியவில்லை, அடுக்கின் தலைமேல் இன்னும் சிறிதாக ஒரு காலிக் கட்டம் திறந்தது. மின்விசிறியின் முனகல் தடித்து, மெதுவாகி, எங்கோ மலைக்கு அப்பால் யாரோ மாவரைப்பதுபோல் கேட்டது; ஈயம் உருக்கிய வாசனை மூக்கில் ஏறாமல் மூட்டமாக வந்து முகத்தில் மோதியது; மேசையின் நிழல் மடியிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. எட்டி, அணைக்கும் பொத்தானைக் குத்தினான். இன்னொரு கட்டம். இன்னும் சிறிது.

சட்டை சரியாக இருந்தது. செருப்பும். மற்றதெல்லாம் பெரிது.

திருகாணி ஒன்று உருண்டு வந்தது. அவன் இடுப்புயரம்.

பிறகு காலடியில் குளிர்ந்த கண்ணாடி. சாம்பல் நிறத் தரை. கீழே, வீட்டளவு கறுப்பாக, ஒரு இரண்டு.

அடுத்த நிமிடமே நாலு மணி. கதவு. இடிபோல் அக்காவின் செருப்பு.

மேலே ஒரு கண் வந்து நின்றது. பிறகு, தெருவே அதிரும்படி சிரிப்பு. "ஏறிட்டியா? படிச்சுப் படிச்சு சொன்னேனேடா! ஹெட்மாஸ்டர் மாதிரியே கையக் கட்டிக்கிட்டு நிக்கிற! இப்ப சொல்லு, நான் விட்டது ரீலா?"

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வறட்டு வீம்பு.

"சரி, பொழச்சுப் போ." கட்டைவிரல் வானத்தை மறைத்து வலது பக்கம் போனது. நின்றது. தடவியது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

"டேய்... பொத்தான் எங்க?"

அவனுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் எதையும் அமுக்காவிட்டால் இந்த மாடல் தானே அணைந்துவிடும்; திரையில் இருப்பதும் அதோடு போய்விடும். எதை அமுக்கினாலும் இன்னும் ஒரு படி மேலே. இன்னும் சிறிது.

சாம்பல் மங்கத் தொடங்கியது. பதறிப்போய் அக்கா ஏதோ ஒன்றை அமுக்கினாள். வெளிச்சம் திரும்பியது. அவன் பாதியானான்.

மறுபடியும் மங்கியது. மறுபடியும் அமுக்கினாள்.

"எதாச்சும் சொல்லுடா!" குகைபோன்ற காது ஒன்று கண்ணாடிமேல் கவிந்தது.

அடுக்குமேல் அடுக்குமேல் அடுக்கில், திரைப் புள்ளி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் கத்தினான். கொசு பறப்பதைவிட மெலிதாக அது அக்காவுக்குக் கேட்டது.

"நடந்துச்சுக்கா. ஹெட்மாஸ்டர் ஏறினது நடந்துச்சு."

சாம்பல் மங்கத் தொடங்கியது.