மூச்சுக் கோடு

திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு முறை மூச்சு விட்டது.

அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுமே தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பனிக்கட்டியாவது, மூச்சு விடுவதாவது. ஒன்றேகால் லட்சம் வருடங்களுக்கு முன்னால் துருவத்தில் பெய்த பனி அது. மேல் விழுந்த பனியெல்லாம் அழுத்த அழுத்தக் கல்லாக இறுகி, அந்தக் காலத்துக் காற்றையும் கடுகு கடுகாகக் குமிழிகளில் அடைத்துவைத்திருந்தது. குமிழிக்குள் கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பத்து லட்சம் பங்கில் இருநூற்று எண்பது பங்கு இருக்கும். அதனால் கோடு திரையின் அடியில், கயிற்றைத் தரையில் போட்ட மாதிரி, படுத்தே கிடக்க வேண்டும்.

அது எழுந்து நாற்பதாயிரத்தைத் தொட்டது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

நாற்பதாயிரம் என்ற எண்ணை அவள் கல்லூரிக் காலத்திலிருந்தே அறிவாள். மனிதன் வெளியே விடும் மூச்சில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவு.

சுவரில் இருந்த பேசும் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

“ஏங்க, குழாய்க்குப் பக்கத்துல மூச்சு விட்டீங்களா?”

சுவருக்கு அந்தப் பக்கம், குளிர் அறையிலிருந்து அவள் கணவனின் குரல் கரகரத்தது. “ஏன் மூக்கு, இப்ப மூச்சு விடுறதுக்கும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் விடணுமா?”

காற்றை மோந்து பார்க்கிற உத்தியோகம் என்று அவளுக்கு மூக்கு என்று பெயர் வைத்தவன் அவன்தான். குளிர் அறைக்குள் போட்டுக்கொள்ளும் பருத்த கம்பளிக் கோட்டால் அவனுக்கு ஆய்வுக்கூடம் வைத்த பெயர் கரடி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி அறையில் அவன் பனியை முழ நீளச் சட்டங்களாக அறுத்து, ஒவ்வொன்றாகச் சூட்டுத் தட்டின் மேல் நிற்கவைப்பான். சட்டம் அடியிலிருந்து உருகும். உருகும்போது வெளிவரும் காற்று, சுவரில் போட்ட துளை வழியாக, நூலிழைக் குழாயில் இவளுடைய கருவிக்கு வரும். நகத்தின் அகலப் பனி ஒரு வருடம். அது உருக அரை நிமிடம். ஒரு சட்டம் ஐம்பது வருடம். அதற்குமேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. அரை மணியில் வெளியே வந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது வெளியே இருப்பவரின் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. உயரத்துச் சன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்கு அவள் மேசைமேல் விழுந்திருந்தது. தெருவில் யாரோ குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். குளிர்பதன இயந்திரம் சுவருக்குள் சீராக முனகியது. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, கோட்டைத் தவிர.

அது மறுபடி எழுந்தது. நின்றது. இறங்கியது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தையதற்கும் இதற்கும் நடுவில் சரியாக அரை நிமிடம்.

வருடத்துக்கு ஒரு மூச்சு.

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தொலைபேசியை எடுத்து, இந்தப் பனியை நாற்பது வருடமாக ஆராயும் பெரியவரைக் கூப்பிட்டாள். பின்னணியில் தட்டுகள் கலகலத்தன. சாப்பாட்டில் இருந்தார்.

“குழாய்ல ஓட்டை இருக்கும்மா. வேற என்ன? ஒட்டிட்டு மறுபடி ஓட விடு.”

“அரை நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கணக்கா வருது, சார்.”

“பனிமலைக்குக் கணக்கெல்லாம் தெரியாதும்மா.” அவர் எதையோ மென்றுகொண்டே, கூட்டங்களில் சொல்வதையே சொன்னார். “அது சோம்பேறி. ஊரே சூடாகும், அது அசையாது. நூறு வருஷம், ஆயிரம் வருஷம் சும்மாவே கிடக்கும். தூங்குதுன்னு நாம நினைச்சுக்குவோம். அப்புறம் ஒரு நாள் பார்த்தா, இருந்த இடத்துல இருக்காது. மொத்தமா எழுந்து போயிருக்கும். அந்தக் காலத்துல கடல் மட்டம் அப்படித்தான் ஏறுச்சு. அதைத்தான் தேடுறோம். நீ ஓட்டையை அடை முதல்ல.”

ஓட்டை இல்லை. இணைப்புகள் ஒவ்வொன்றையும் சோப்பு நுரையால் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட எழவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது மேடுகள் நெருங்கியிருந்தன. கால் நிமிடத்துக்கு ஒன்று.

“கரடி, அந்தச் சட்டத்தை எந்தப் பக்கத்துலேர்ந்து உருக்குறீங்க?”

“மேல் நுனிதான் கீழே. எப்பவும் போல. புதுசு முதல்ல, பழசு அப்புறம்.”

துருவத்தில் துளையிட்டு எடுக்கும் ஒவ்வொரு துண்டிலும், தரையில் வைக்கும் முன்பே, வானம் எந்தப் பக்கம் என்று கறுப்பு மையில் அம்பு போடுவார்கள். அம்பு போடாத துண்டு வெறும் ஐஸ். மோரில் போட்டுக் குடிக்கலாம் என்பான் அவன். அம்பு காட்டும் முனை பிந்தியது, மறுமுனை முந்தியது. அப்படியானால் இந்தக் கோடு காலத்தில் பின்னோக்கிப் போகிறது. பின்னால் போகப் போக மூச்சு வேகமாகிறது என்றால், காலம் முன்னேற முன்னேற அது தணிந்திருக்கிறது. என்னவாக இருந்தாலும் சரி, அடங்கியிருக்கிறது.

அதைச் சொன்னாள். பெட்டியில் அவன் சிரித்தான். “தூங்கிடுச்சுன்னு சொல்லு. நல்லதாப் போச்சு. நாம எழுப்பாம இருந்தா சரி.”

குளிர் அறைக் கதவில் இருந்த கையகலக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். உறைபனி பூத்த கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகு பெரிதாக, மங்கலாகத் தெரிந்தது. தட்டின் மேல் சட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டு பருவம் அவனை அந்தத் துருவப் பனிக்குக் கொடுத்துவிட்டு, படுக்கையின் மறுபாதியைத் தடவித் தடவித் தூங்கியவள் அவள். உதடு வெடித்து, தாடியோடு, யாரோ போல வந்து நின்றவனிடம், இனிமேல் அங்கே போகக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அவனும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஆறடி தூரத்தில்தான் இருந்தான்.

பத்து நொடிக்கு ஒன்று.

குறிப்பேட்டைப் புரட்டினாள். இந்தத் துண்டுக்குக் கீழே கிடந்த துண்டை வெள்ளிக்கிழமை வேறொருவர் ஓட்டியிருந்தார். சலிப்போடு எழுதிவைத்திருந்தார்: ‘கசிவு. மேல் நுனி வரையில் வருடத்துக்கு ஒரு மேடு. சரிபார்க்கவும்.’

கீழ்த்துண்டு வருடத்துக்கு ஒன்று என்று முடிகிறது. அதன்மேல் உட்கார்ந்திருந்த இந்தத் துண்டும் வருடத்துக்கு ஒன்று என்றுதான் தொடங்க வேண்டும். அடியிலிருந்து. ஆனால் வருடத்துக்கு ஒன்று வந்தது அம்பு காட்டிய மேல் நுனியில்.

அவள் விரல் வரியிலேயே நின்றுவிட்டது.

“ஏங்க. இந்தத் துண்டுல அம்பு போட்டது யாரு?”

“நான்தான். ஏன்?”

“நிச்சயமா தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“அது துளைக்குழாய்லேர்ந்து வரும்போதே ரெண்டு பக்கமும் உடைஞ்சு, உருண்டு போச்சு. கை மரத்துப் போயிருந்துச்சு மூக்கு. பார்த்தா இப்படித்தான் இருக்கும்னு…”

தலைகீழ். அம்பு தலைகீழ்.

கோடு பின்னோக்கிப் போகவில்லை. இருபது நிமிடமாக முன்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது அடங்கவில்லை. அந்தக் காலத்துப் பூமியில் சூடு ஏற ஏற, வருடத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, நாலு மாதத்துக்கு ஒன்று என்று, விழித்துக்கொண்டிருந்தது. அவர்கள் அதைச் சூட்டுத் தட்டில் வைத்து, நடந்த வரிசையிலேயே, ஒவ்வொரு மூச்சாக விடுவித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மேல் என்ன இருந்தது? பக்கத்தைப் புரட்டினாள். கணவனின் கையெழுத்து, குளிரில் கோணியது: ‘இதற்கு மேலே பன்னிரண்டு மீட்டருக்குத் துண்டு இல்லை. வெற்றிடம்.’

“நிறுத்துங்க! தட்டை அணைங்க. வெளியில வாங்க.”

“இன்னும் நாலு விரல்தானே இருக்கு…”

“வாங்கன்னு சொல்றேன்ல!”

சொடுக்கென்று விசை விழும் சத்தம் கேட்டது. “சரி தாயே, அணைச்சாச்சு.”

கோடு நிற்கவில்லை.

எழுந்தது. இறங்கியது. எழுந்தது. இறங்கியது. உருகுவதற்கு ஒன்றும் இல்லாதபோதும் குழாய் வழியாக வந்துகொண்டே இருந்தது. குளிர்பதன இயந்திரத்தின் முனகல் எப்போது நின்றதென்று அவளுக்குத் தெரியவில்லை. கார் கழுவும் சத்தமும் இல்லை. ஈரக் கல்லின் வாடை அறையில் மெல்லப் பரவியது. வெயிலே படாத கிணற்றின் வாடை.

பேசும் பெட்டியில் அவன் மூச்சு கேட்டது. கோடு அதோடு சேரவில்லை. அவன் இழுக்கும்போது கோடு ஏறியது, அவன் விடும்போது இறங்கியது.

பிறகு ஒரு தடுமாற்றம்.

பிறகு சேர்ந்தது.

“மூக்கு,” என்றான். குரல் மிகவும் பக்கத்தில், பெட்டியில் வாயை வைத்தாற்போல. “என் மூச்சை நான் விடல.”

“கதவுக்கு வாங்க!”

“கதவு வரல.”

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. குளிர் அறைக் கதவு சாத்தியதும் சற்று ஒட்டிக்கொள்வது வழக்கம்தான். உள்ளே புகுந்த சூட்டுக் காற்று குளிர்ந்து சுருங்கிக் கதவை உள்ளே இழுக்கும், ஒரு நிமிடத்தில் விட்டுவிடும். கதவின் பக்கத்தில் அதற்காகவே ஒரு காற்றுத் துளை உண்டு. அந்தத் துளை சீறிக்கொண்டிருந்தது. உள்நோக்கி. கதவு சாத்தி இருபத்தைந்து நிமிடம் ஆகியும் சீறிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். தோல் துளைக்குள் புகுந்தது. பிய்த்தெடுத்தாள். உள்ளங்கையில் வட்டமாக ரத்தம் கட்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கோடு கீழே இறங்கியிருந்தது. இருநூற்று எண்பதையும் தாண்டி, பூஜ்யத்துக்கு. அங்கேயே நின்றது.

இழுத்துப் பிடித்த மூச்சு.

ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தாள். தோள்பட்டையில் ஏதோ நெரிந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சாமியைக் கூப்பிட்டாள். அவனைத் திட்டினாள். கண்ணாடியின் உறைபனியில் உள்பக்கத்திலிருந்து ஒரு கை அழுந்தியது. ஐந்து விரல். அவன் கைதான். அது மெதுவாகச் சறுக்கிக் கீழே போனது.

“விட மாட்டேன்,” என்றாள். கதவிடமா, பனியிடமா, தெரியவில்லை. “விட மாட்டேன். அவரைக் குடு.”

துளையின் சீறல் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

குளிர் வெள்ளைப் புகையாக அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வாசலில் அவன் நின்றான். கோட்டோடு, கையுறையோடு, நேராக. அவள் அப்படியே போய் விழுந்து கட்டிக்கொண்டாள். “உசுரே போயிடுச்சுங்க எனக்கு,” என்று அவன் மார்பில் அழுதாள். “பாவி மனுஷா.”

அவள் முகம் புதைந்த இடத்தில் மார்பு அசையவில்லை. நிமிர்ந்தாள். அவன் இமைகளில் உறைபனி. வாய் சற்றுத் திறந்திருந்தது. அந்தக் குளிரிலும் வாயிலிருந்து ஆவி வரவில்லை. அவன் மூக்கடியில் விரலை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

பிறகு அவன் மூச்சை இழுக்கத் தொடங்கினான்.

“அப்பாடா,” என்றாள். “அப்படித்தான். இழுங்க. நல்லா இழுங்க.”

இழுத்தான். மார்பு ஏறியது. ஒரு மனிதன் இழுக்கும் அளவைத் தாண்டியது. நிற்கவில்லை. அவன் கோட்டின் ஜிப் ஒவ்வொரு பல்லாக விட்டது. மேசையில் கிடந்த தாள்கள் நகர்ந்தன. குறிப்பேடு தானாகப் புரண்டது. அவள் கூந்தல் முன்னால் எழுந்து அவன் முகத்தை நோக்கி நீண்டது. பின்வாங்கினாள், கால்கள் அவன் பக்கமே சறுக்கின. அவள் நெஞ்சில் இருந்த மூச்சு, கேட்காமலே, வெளியேறியது. கடைசித் துளி வரை.

“ஏங்க,” என்றாள்.

அந்தச் சொல் அவள் காதுக்கு வரவில்லை. நேராக அவன் வாய்க்குள் போனது. மார்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.