இடக்கண் ஜாடை

காலையில் ஆறுமுகத்தாய் புறக்கடையில் வீசிய அப்பள மாவை ஒரு அணில் தின்றது. மத்தியானம் கை கழுவப் போனபோது அது துவைகல்லின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. சாகவில்லை. கண் திறந்திருந்தது. பின்னங்கால் மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. பூனை கடித்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ரத்தம் இல்லை. ஒரு மயிர்கூடக் கலைந்திருக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் அந்தப் பழைய வீட்டைச் செந்தில்முருகன் அண்ணாச்சி அப்பளம் போடுவதற்காக வாடகைக்கு எடுத்திருந்தார். ரயில்பெட்டி போல அறைக்குப் பின் அறையாக நீண்டு, நடுவில் வெளிச்சம் சரியாக எட்டாத வீடு. மழைக்காலம் என்பதால் அப்பளங்கள் உள்ளேயே, தரை முழுக்க விரித்த வேட்டிகளின் மேல் மின்விசிறிக் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தன. உளுந்து மாவும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் ஈரச் சுவரும் கலந்த ஒரு வாடை. ஓட்டின் மேல் மழை. அதற்குள் இரண்டு குழவிகள் மணையில் உருளும் சத்தம், ஒன்று அவளுடையது, ஒன்று கூட வேலை செய்யும் ஜெசியுடையது.

மாவை வாயில் போட்டுப் பதம் சொல்வது ஆறுமுகத்தாயின் வேலை. அப்பளம் பொரிவதற்காக மாவில் உப்புப் போலச் சேர்க்கும் அப்பளக்காரம் இன்று புதிது. பேட்டையில் யாரிடமோ மலிவாகக் கிடைத்தது என்று அண்ணாச்சி கொண்டு வந்த வெள்ளைப் பொடி. சாக்கில் பெயர் எதுவும் இல்லை. எவ்வளவு போட்டாலும் நாக்கில் சுள்ளென்று பிடிக்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் போட்டாள். இன்னும் கொஞ்சம் தின்று பார்த்தாள். ஜெசி வாயில் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு உபவாசம், தண்ணீர் மட்டும்தான்.

"ஜெசி, இடக்கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்குட்டி."

"பொம்பளைக்கு இடக்கண்ணு துடிச்சா நல்லதுல்லாக்கா. திருப்பூர்லேருந்து அத்தான் சேலை எடுத்துட்டு வாராவளோ என்னமோ."

"அவுக எடுத்துட்டாலும்!" என்று சிரித்தாள். சிரித்தபோது உதடு தன்னுடையதாக இல்லை. மரத்திருந்தது.

இடக்கண் கோமுவுக்கு உரியது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். பள்ளிக்கூடம் விட்டுத் தெருவழியாக வரமாட்டாள், புறக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். பச்சை மாவு உருண்டையை எண்ணெயில் தோய்த்துத் தின்ன அவளுக்கு உயிர். அண்ணாச்சி பார்த்தால் கத்துவார். அதனால் தாய்க்கும் மகளுக்கும் ஒரு ஏற்பாடு. அவர் முதுகைத் திருப்பியதும் ஆறுமுகத்தாய் இடக்கண்ணைச் சிமிட்டுவாள். கோமு ஒன்று எடுத்துக்கொள்வாள். கண் சிமிட்டாமல் ஒருநாளும் தொட்டதில்லை. அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை.

நிமிர்ந்தபோது தரையில் அப்பளங்கள் எல்லாம் பைய நகர்ந்தன. வட்ட வட்டமாக, வெளிறிய முகங்கள் போல, ஒரே பக்கமாகச் சுற்றின. கண்ணை மூடினாள். மூடிய பிறகும் நிற்கவில்லை. கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. சேலையை விலக்கிப் பார்த்தாள். எறும்பு இல்லை. தோலுக்குள்ளே சதை சின்னச் சின்னதாக எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது.

அந்த அணிலின் கால் மாதிரி.

"அண்ணாச்சி, தல சுத்துது. கால்ல சதை துடிக்கி. ஒரு எட்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருதேன்."

அண்ணாச்சி பொட்டலங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கண்ணு துடிக்கதுக்கு ஒரு டாக்டரு, காலு துடிக்கதுக்கு ஒரு டாக்டரா? காலைல என்னத்தத் தின்ன?"

"பதம் பாத்த மாவுதான்."

"அப்ப பித்தந்தான். வெறும் வயித்துல இருந்தா சுத்தத்தான் செய்யும். கல்யாண வீட்டுச் சரக்கு இன்னைக்கு ஏறணும். அதுக்குன்னு பாத்துப் படுத்துக்கிடுவியளே!"

ஜெசி எழுந்து வந்து அந்தக் காலைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இது வேற என்னமோ. தோலுக்குள்ள துள்ளுது. ஆட்டோவைக் கூப்பிடுங்க."

"ஆட்டோ வந்துதான் நிக்கி, சரக்குக்கு. நீ ஏறு. லாரி ஆபீஸ்ல எறக்கி வைக்க ஆள் வேணும்."

"யக்காவ விட்டுட்டா?"

"அவ எங்கன ஓடப் போறா? வந்து பாப்போம். ஏறுதியா, இல்ல ரெண்டு பேருமா வீட்டைப் பாத்துப் போறியளா?"

ஜெசி குனிந்து, "பைய மூச்சு விடுக்கா, இந்தா வந்துருதேன்" என்றாள். அண்ணாச்சி மேசை இழுப்பறையைப் பூட்டினார். வேலை நேரத்தில் இரண்டு பெண்களின் போனும் அதற்குள்தான் இருக்கும். பிறகு தெருக்கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழும் சத்தம். ஆட்டோ போனது.

மின்சாரமும் போனது. விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி முனகி நின்றது.

அவள் எழுந்திருக்க நினைத்தாள். கால்கள் அந்த நினைப்பைக் கேட்கவில்லை. ஈரத்துணி போலக் கிடந்தன. பயத்தை அடக்கிக்கொண்டு ஒன்றொன்றாக யோசித்தாள். ஜெசிக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே காற்று. ஒரே குடத்துத் தண்ணீர். ஜெசி தின்னாதது எது? அணில் தின்றது எது?

உறைக்காத வெள்ளைப் பொடி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அள்ளிப் போட்டது அவள் கை.

கோமு.

பள்ளிக்கூடம் விட்டிருக்கும்.

மாவுச் சட்டி இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. கவிழ்த்துவிட்டால் போதும். தரையில் விழுந்ததை எடுக்கமாட்டாள். கைகளை ஊன்றி நகர்ந்தாள். வலது கை மடங்கியது. இடது கையால் தரையைப் பிறாண்டி இழுத்தாள். உலர்ந்த அப்பளங்கள் உடம்புக்கடியில் நொறுங்கின. விரல் நுனி சட்டியின் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது. விரல் தெரிந்தது. விரலுக்கு உத்தரவு போகவில்லை. கன்னம் தரையில் பதிந்தது. கண்ணுக்கு நேராக, எண்ணெய் மினுங்க, உருண்டைகள்.

புறக்கடைக் கதவு கிறீச்சிட்டது.

வராத, கோமு.

சொன்னாள். நாக்கு அசையவில்லை.

நனைந்த செருப்பின் சத்தம். ஒரு அறை. அடுத்த அறை.

"யம்மா, அங்கன ஒரு அணிலு செத்துக் கெடக்கு." அரையிருட்டில் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்தாள். "அண்ணாச்சி இல்லியா? ஏன் கீழ படுத்திருக்க? தூங்குதியா?"

கோமு குனிந்து முகத்துக்கு நேராகப் பார்த்தாள். திறந்த கண்களைக் கண்டு சிரித்தாள். "முழிச்சுத்தான் இருக்க. சும்மா நடிக்குத."

சட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டவில்லை. நல்ல பிள்ளை. அம்மாவின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள்.

"எடுத்துக்கிடவா?"

ஆறுமுகத்தாய் தனக்கு மிச்சமிருந்த எல்லாவற்றையும் அந்த ஒரு இமைக்கு அனுப்பினாள். அசையாதே. காலில் துடிப்பு இல்லை. கையில் இல்லை. உடம்பு முழுக்கக் கல்.

இடது இமை மட்டும் துடித்தது.

கோமு ஒரு உருண்டையை எடுத்தாள். எண்ணெயில் தோய்த்தாள். கடித்தாள். உதட்டோரம் எண்ணெய் வழிந்தது.

"இன்னைக்கு உறைக்கவே இல்லம்மா. நல்லாருக்கு." மென்று விழுங்கிவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தாள். "இன்னொண்ணு?"

துடித்தது.

துடித்தது. துடித்தது. நிற்கவே இல்லை.

"எல்லாமேவா!" என்று கோமு கைகொட்டிச் சிரித்து, சட்டியைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.