பயம் தெளிந்தவர்கள்

மனத்தில் மட்டும் பார்க்கும் கிணற்றுக்கு வாடை இருக்காது. ஆனால் காஜா பெராங் வட்டாரத்தில் டாக்டர் சேதுராமன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக் கூடத்தில், சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த சந்திரமதிக்குப் பாசியும் ஈரச் செங்கல்லும் கலந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

மெர்டேக்கா வந்து நாடு விடுதலையான பிறகு சீமையில் படித்துவிட்டு வந்தவர் டாக்டர். உடம்பைத் தளர்த்திக்கொண்டு, பயப்படுகிற பொருளை முதலில் தூரத்திலும் பிறகு கிட்டத்திலும் மனத்தில் பார்க்க வேண்டும். பயம் வந்தால் கையைத் தூக்க வேண்டும், அவர் நிறுத்துவார். அதுதான் அவர் வைத்தியம். தனித்தனியாகப் பார்த்தால் மாதக்கணக்காகிறதென்று, தண்ணீருக்குப் பயந்தவர்களையெல்லாம் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்.

சந்திரமதியின் மகள் கோகிலா வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தவள். அதற்குப் பிறகு சந்திரமதியால் ஒரு வாளித் தண்ணீரைக்கூடக் குனிந்து பார்க்க முடியவில்லை. கணவர் பொன்னுதுரைதான் கெஞ்சி அனுப்பி வைத்தார்.

இடைவேளையில் பக்கத்து நாற்காலி பீவி மெல்லச் சொன்னாள்.

"டாக்டர் கிணறுன்னு மட்டுந்தான் சொல்றாரு. எனக்கு உள்ளுக்கு ஒரு பிள்ளை தெரியுதுக்கா. பச்சைப் பாவாடை."

எதிர் நாற்காலியில் இருந்த தம்பிராஜாவும் தலையாட்டினார். தனக்கும் தெரிவதாகவும், முதலில் நடுங்கிப்போனதாகவும், இப்போது பழகிவிட்டதாகவும் சொன்னார். கோகிலா கடைசியாக உடுத்தியிருந்ததைச் சந்திரமதி அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். ஒருவர் நினைப்பு இன்னொருவரைத் தொற்றுவது சகஜம் என்றார் அவர். இன்றோடு முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் மறுபடி கண்களை மூடினார்கள்.

"இப்ப கிணத்து மேல பலகைய இழுத்து மூடுங்க. மூடிட்டு நிம்மதியா வீட்டுக்கு நடங்க."

சந்திரமதி கையைத் தூக்கினாள்.

"உள்ள என் பிள்ளை இருக்கு, டாக்டர்."

"கை தூக்கினது நீங்க ஒருத்தர்தாம்மா. மத்தவங்கெல்லாம் தேறிட்டாங்க. உங்களுக்காக நிறுத்த முடியாது."

கல்லின்மேல் மரம் உரசும் சத்தம். அடியில் தண்ணீர் அலைந்தது. பிறகு, பலகைக்குக் கீழிருந்து ஒரு குரல்.

அம்மா.

சந்திரமதி கண்ணைத் திறந்தாள். கூடத்தில் கிணறு இல்லை. காய்ந்த சிமெண்டுத் தரை. நாற்காலிகள். எல்லோரும் இரண்டு கைகளையும் நீட்டி, வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய் பீவியின் கைகளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

அப்போதுதான் பார்த்தாள். பீவியின் விரல்களுக்கு நடுவே, கீழிருந்து சின்ன விரல்கள் மேலேறி வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். துழாவின. சந்திரமதியின் கையைத் தொட்டதும் தெரிந்துகொண்டவை போல இறுகப் பற்றின.

"வந்துட்டேன்டி," என்றாள் சந்திரமதி. இழுத்தாள். மேலே வரவில்லை.

பீவி இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் நன்றாகத் தூங்குகிறவளின் அமைதி.