யார் உயரத்துக்கு?

"சுவத்துக்குள்ள குழாயை ஒளிச்சு வெச்சா ஒரு சங்கடம் இருக்குங்க."

"என்னவாம்?"

"ஒழுகுனா, ஒழுகுத எடத்துல தெரியாது. வேற எங்கயாச்சும் ஈரம் காட்டிக்குடுத்துரும்."

மூன்று மாதத்துக்கு முன் நல்லசிவம் சொன்னது, இன்று ஜானுவுக்கு நினைவு வந்தது. அடையாறில் அப்பா கட்டும் புது வீட்டின் குளியலறை. முதல் பேச்சே சண்டைதான். "குழாய் வெளியில தெரிஞ்சா ஆஸ்பத்திரி மாதிரின்னா இருக்கும்!" என்று இவள் சொல்ல, "ஆஸ்பத்திரியிலயும் தண்ணி வருமே" என்று அவன் சிரிக்க... அந்தச் சிரிப்பு முதலில் கண்ணில் வந்தது. உதட்டுக்கு அப்புறம்தான் இறங்கியது.

தி.நகரில் குழாய்க் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரன். பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் வீடு பார்க்க வந்த பங்கஜம் சித்தி, "யாருடி அது?" என்று கேட்டாள். பயத்தில், "குழாய்க்காரர். வேற யாரு?" என்றுவிட்டாள் ஜானு. அது அவன் காதில் விழுந்தது. அதன் பிறகு அவளிடம் அடியும் அங்குலமும் மட்டுமே பேசினான்.

இன்று சுவரைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது. அவன் இங்கே வருவதற்கான காரணமும் குழாயோடு உள்ளே போய்விடும்.

வெளியே மழை. சுவரில் வெட்டிய காடிக்குள் குழாய் படுத்திருந்தது. கொத்தனார் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு முறை பார்க்க வந்தார் அப்பா கல்யாணராமன். ஆறடி மனிதர்.

டங்!

ஷவருக்காக நீட்டியிருந்த குழாய், நேராக நெற்றியில்.

"என்னப்பா இது! ஏழடின்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! யார் உயரத்துக்கு வெச்சே?"

ஓர் அங்குலம்கூடத் தப்பாதவன் நல்லசிவம்.

ஜானு சுவரைப் பார்த்தாள். குழாயை ஒட்டி ஒரு பென்சில் கோடு... முதல் நாள் அவள் சாய்ந்து நின்று சண்டை போட்ட இடம். குழாய், அவள் தலைக்கு மேல் சரியாக ஒரு சாண்.

ஈரம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பேத்து மாத்திருதேன் சார்." அவன் குனிந்து உளியை எடுத்தான்.

"மாத்தாதீங்கோ!"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "ஜானு?"

அவள் நல்லசிவத்தையே பார்த்தபடி, மூன்று மாதமாகத் தொண்டைக்குள் பூசி வைத்திருந்ததை அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா... இவாத்துல போய்ப் பேசுங்கோ. இந்தக் குழாய்க்காரரை... எனக்குக் கேளுங்கோ."